தொலை முனையம்: டெலக்ஸ் முதல் எஸ்.எஸ்.எச். வரை

தொலை முனையம் என்பது ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறோரிடத்தில் உள்ள கணினிக்கு எழுத்துவழியாகக் கட்டளையிட உதவும் மென்பொருள் ஆகும். திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனத்தின் ஆர்டர், கணக்கு, சம்பள விவரங்களை வைத்திருக்கும் வழங்கிக் கணினி வேறு ஊரில் உள்ள தரவு மையத்தில் இருக்கலாம். அதைப் பராமரிப்பவர் பெரும்பாலும் இம்மென்பொருள் வழியாகவே உள்ளே நுழைகிறார். அப்போது எழும் முதல் கேள்வி, மறுமுனையில் இருப்பது யார் என்பதே. இக்கேள்வி கணினிக்கும் முந்தியது.

டெலக்ஸ் காலம்

திருப்பூரில் பனியன் உற்பத்தி 1920களில் தொடங்கியது. 1970களின் இறுதியில் இத்தாலிக்கு ஏற்றுமதி தொடங்கி, 1980களில் விரைந்து வளர்ந்தது. அக்கால வெளிநாட்டு வணிகத்தில் எழுத்துவழிச் செய்திக்கு டெலக்ஸே முதன்மையான கருவியாக இருந்தது. இந்தியாவில் இச்சேவை 1963இல் தொடங்கியது. இதற்குரிய தொலையச்சு இயந்திரங்களைச் சென்னை கிண்டியில் இருந்த இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்னும் அரசு நிறுவனம் தயாரித்தது.

ஒவ்வொரு டெலக்ஸ் இயந்திரத்துக்கும் தனி விடைக்குறி உண்டு. 'நீ யார்?' என்று கேட்கும் விசையை அனுப்புநர் அழுத்தினால், மறுமுனை இயந்திரம் ஆள் உதவியின்றித் தன் விடைக்குறியை அச்சிடும். செய்தியின் தொடக்கத்திலும் முடிவிலும் அக்குறி பதிவானால், விலையும் அளவும் கப்பலேற்றும் நாளும் உரியவரின் இயந்திரத்துக்கே சென்றன என்பதற்கு அதுவே சான்று.

டெல்நெட்

தொலையச்சு இயந்திரமே யூனிக்ஸ் கணினிகளின் தொடக்ககால முனையமாகவும் இருந்தது. யூனிக்ஸில் முனையத்தைக் குறிக்கும் 'டி.டி.ஒய்.' என்ற சொல் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே. 1978இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனம் வெளியிட்ட வி.டி.100 என்னும் திரை முனையம் பரவலாகப் பின்பற்றப்பட்டது. இன்றைய மென்பொருள்களில் காணப்படும் 'முனைய வகை' என்ற அமைப்பு அதன் எச்சமாகும். அது பொருந்தாவிட்டால் அம்புக்குறி விசைகள் வேண்டாத எழுத்துகளைத் திரையில் இடும்.

1969இல் உருவாகத் தொடங்கிய டெல்நெட் நெறிமுறை 23ஆம் துறையைப் பயன்படுத்துகிறது. அதன் அடிப்படை வடிவத்தில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் செல்கிறது. மறுமுனைக் கணினி தன்னை மெய்ப்பிக்கவும் வழியில்லை. டெலக்ஸில் இருந்த விடைக்குறி இங்கே இல்லாமற் போனது.

1995

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. அதன் 'ஷெல்' கணக்கு பெற்றவர்கள் மோடம் மூலம் நிறுவனத்தின் கணினியை அழைத்து, எழுத்து மட்டுமே தெரியும் திரையில் மின்னஞ்சல் படித்தனர். இந்தியர் பலருக்கு இணையம் தொலை முனையமாகவே அறிமுகமாயிற்று.

அதே ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்டுத் திருடப்பட்டன. அதற்கு மாற்றாக அங்கிருந்த டாட்டு யூலோனன் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை எழுதினார். 22ஆம் துறையில் இயங்கும் இது, செய்தியை மறையாக்குவதோடு வழங்கியின் அடையாளச் சாவியையும் சரிபார்க்கிறது. 1999இல் ஓப்பன் எஸ்.எஸ்.எச். வெளிவந்தது. விண்டோஸ் பயனர்களிடையே சைமன் டாத்தம் எழுதிய புட்டி என்னும் மென்பொருள் பரவியது.

சிக்கல்களும் தீர்வுகளும்

* நேரம் கடந்தும் பதில் வராவிட்டால், முகவரி தவறாகவோ, வழங்கி நின்றுபோயோ, தீயரண் தடுத்தோ இருக்கலாம்.
* இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் வழங்கி இயங்குகிறது. ஆனால் அந்தத் துறையில் சேவை இயங்கவில்லை. துறை எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.
* அனுமதி மறுக்கப்பட்டால், பயனர் பெயர், கடவுச்சொல், பயனரின் சாவி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
* தமிழ் எழுத்துகள் சிதைந்தால், எழுத்துக் குறியாக்கம் யூ.டி.எஃப்-8 ஆக உள்ளதா என்று பார்க்க வேண்டும். பல முனையங்கள் எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குவதால், குறியாக்கம் சரியாக இருந்தும் 'கொ' போன்றவை பிரிந்து தோன்றலாம்.
* வேலையின் நடுவே மின்வெட்டு வந்தால் இணைப்பு அறும். 'ஸ்க்ரீன்', 'டிமக்ஸ்' போன்ற நிரல்களுக்குள் தொடங்கிய பணி வழங்கியில் தொடர்ந்து நடக்கும்.

இவற்றினும் முக்கியமானது, வழங்கியின் சாவி மாறிவிட்டது என்னும் எச்சரிக்கை. முதல் இணைப்பில் மென்பொருள் வழங்கிச் சாவியின் கைரேகையைக் காட்டி ஒப்புதல் கேட்டு, சாவியைச் சேமிக்கிறது. பின்னர் அது வேறுபட்டால் எச்சரிக்கிறது. வழங்கியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவியிருந்தாலோ, அதே முகவரி வேறு கணினிக்குத் தரப்பட்டிருந்தாலோ இது நேரும். இடையில் ஒருவர் வழங்கிபோல் நடித்தாலும் இதே எச்சரிக்கைதான் வரும். அவசரத்தில் ஒப்புதல் அளித்துவிட்டால், கடவுச்சொல்லும் அதன்வழி நிறுவனத்தின் கணக்குகளும் பிறர் கைக்குப் போகக்கூடும். ஆகவே வழங்கியின் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கைரேகையை ஒப்பிட்ட பின்னரே பழைய சாவியை நீக்க வேண்டும்.

விடைக்குறி பொருந்தாத டெலக்ஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டு மீண்டும் அழைப்பதே அக்கால எழுத்தர்களின் வழக்கம். எஸ்.எஸ்.எச். பயனருக்கும் அதுவே பொருந்தும்.