அட்டையைக் காட்டு கண்ணு

திருவண்ணாமலை, வட ஆற்காடு மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்திலேயே நான் தொழுநோய்ப் பிரிவில் ஆய்வாளராகச் சேர்ந்துவிட்டேன். செங்கம் சாலை ஊர்கள் என் வட்டாரம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் சட்டையைக் கழற்றி, வெளிச்சத்தில் முதுகைப் பார்ப்போம். உணர்ச்சியற்ற தேமல் தென்பட்டால் அங்கே வாய் திறக்கமாட்டோம். வாத்தியாரிடம் தனியே சொல்லிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போவோம்.

எங்களுக்கு முந்தைய தலைமுறை நீரடிமுத்து எண்ணெயை ஊசியில் ஏற்றியது. 1940-களில் செங்கல்பட்டில் டாக்டர் காக்ரேன் சல்போன் மருந்தைக் கையிலெடுத்தார். பிறகு டாப்சோன் மாத்திரை ஊர் ஊராக வந்தது. விலை மலிவு, ஆனால் வருஷக்கணக்கில் விழுங்கவேண்டும். மரத்தடி கிளினிக்கில் மொத்தமாகக் கொடுத்தனுப்பிய மாத்திரை பரணில் கிடக்கும். வலியோ அரிப்போ இல்லாத எட்டு வயதுப் பிள்ளை அதை எதற்கு விழுங்கும்? அந்த ஒரே மருந்தை நம்பி, அதையும் விட்டுவிட்டுச் சாப்பிட்டதில் கிருமி டாப்சோனுக்கு மசியாமல் போனது. 1964-இல் மலேசியாவில் அதை நிரூபித்தார்கள்.

1982-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, மாதம் ஒருமுறை எங்கள் கண்ணெதிரே விழுங்கவேண்டும் என்ற விதி. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ரிஃபாம்பிசின் 450 மில்லிகிராம் எங்கள் முன்னால். டாப்சோன் 50 மில்லிகிராம் தினமும் வீட்டில். மாதம் தவறாமல் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிடலாம். பௌர்ணமியில் மட்டும் கிளினிக் வைக்கமாட்டோம். கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் ஏறமுடியாது. கரும்பு வெட்ட வெளியூர் போகும் குடும்பத்துக்குக் கூடுதல் மாத்திரை அட்டை கொடுத்தனுப்புவோம்.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் சிவக்கும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் தாய் பயந்து மருந்தையே நிறுத்திவிடுவாள். கூட்டு மருந்தில் சேர்ந்த குளோஃபாசிமின் தோலைக் கறுக்கவைக்கும். "வயசுக்கு வந்த புள்ளைங்க சார், ஊர்ல என்ன கேப்பாங்க?" என்று ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மருந்து முடிந்தபின் நிறம் மெல்லத் திரும்பும் என்று சொல்ல, நிறம் திரும்பிய இன்னொரு பெண்ணையே அழைத்துப்போனேன்.

"அட்டையைக் காட்டு கண்ணு" என்பேன். தினமும் பிதுக்கிய அட்டை கசங்கி, மூலை மடங்கியிருக்கும். நான் வரும் சேதி கேட்டு அன்றைக்கே பிதுக்கிய அட்டை பளபளவென்றிருக்கும். அப்படி ஒரு பையன் நீட்டியபோது நான் திட்டவில்லை. மல்லாட்டைக் களத்தில் உட்கார்ந்து பேசினோம். வீட்டில் சித்தப்பா பிள்ளைகள் பார்ப்பார்கள் என்ற கூச்சம் அவனுக்கு. பள்ளி நாட்களில் வாத்தியார் அறையில் மாத்திரை, விடுமுறையில் பாட்டி வீட்டில் கூழோடு மாத்திரை என்று ஏற்பாடு செய்தோம். குறித்த மாதத்தில் முடித்தான். "பிள்ளை ஒத்துழைக்கவில்லை" என்று பதிவேட்டில் எழுதுவது எனக்கு அன்றும் ஒப்பவில்லை, இன்றும் ஒப்பவில்லை.

எங்கள் பிரிவைப் பொதுச் சுகாதாரத்தோடு இணைத்தார்கள். 2005 முடிவில், பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்ததாக நாடு அறிவித்தது. நாங்கள் அன்று வீடு தேடிப் போனதைப்போல, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெரியவர்களின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஊழியர் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளையையும், இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளையையும் அதே ஊழியர் மாதம் ஒருமுறை உட்காரவைத்துப் பேசவேண்டும். அவர்களின் வாத்தியாரையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.