சட்டத்துக்குள் வராத ஏரி

நாணல் அறுத்துப் படகில் ஏற்றும் நார்ஃபோக் உழைப்பாளியை எனக்கு நன்றாகத் தெரியும். பி. எச். எமர்ஸன் 1886-இல் வெளியிட்ட 40 பிளாட்டினப் படங்களின் தொகுப்பில் அவன் இருக்கிறான்: ஈரம், மூட்டம், மங்கித் தெரியும் அக்கரை. இங்கிலீஷ் பி.ஏ. படித்தவனுக்கு அந்த வயல்களை அதற்கு முன்பே வேர்ட்ஸ்வொர்த்தும் கான்ஸ்டபிளும் பட்டா போட்டுக் கொடுத்திருந்தார்கள். மாம்பலம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்டவளுக்கு அப்படியொரு முகம் என் மனசில் கிடையாது. தினமும் நான் பஸ் விட்டு இறங்குவதோ அந்த ஏரிக்குள்தான்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோடுக்கு மேற்கே வளைந்து கிடந்தது நெடிய ஏரி. தென்பாதிக்கு மயிலாப்பூர் ஏரி என்று பெயர். வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே ஏரி தூர்ந்து மனைகளாயிற்று. ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் தியாகராய செட்டியின் பெயரில் ஒரு நகர் எழுந்தது.

அப்போது மதராஸில் காமிராவுக்குப் பஞ்சமில்லை. போட்டோகிராபிக் சொஸைட்டி 1856-லேயே ஏற்பட்டாயிற்று. ராணுவ அதிகாரியான லின்னேயஸ் டிரைப், ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரராக 1858-இல் மதுரை, ஸ்ரீரங்கம், தஞ்சை என்று சுற்றினார். மெழுகூட்டிய காகித நெகடிவ்கள். அன்றைய ரசாயனத்துக்கு நீலமும் வெள்ளையும் ஒன்று. வானம் வெறுமையாக விழும். டிரைப் சில நெகடிவ்களில் தம் கையாலேயே மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் ஏறக்குறைய 19 அடி. அசாத்தியப் பொறுமை. அதே கோயிலின் கல்வெட்டுகளில்தான் தானக் கிராமங்களின் நிலக்கணக்கு வருகிறது. குளம், சுடுகாடு, பறைச்சேரி என்று வரி கழித்த நிலம்கூட அதில் உண்டு. எழுத்து படமாயிற்று; எழுத்துக்கு ஆதாரமான வயல் அவருக்கு விஷயமாகவில்லை. 1859-இல் கவர்னராக வந்த டிரெவெல்யன், இது ஆடம்பரம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

வெள்ளைக்காரனின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஆங்கிலப் பண்ணை என்பது ஒரு வீடு, ஒரு களஞ்சியம், சுற்றிலும் வேலி. பொதுநிலத்தை வளைத்து அடைத்த சட்டங்கள் அதற்கு ஏற்கெனவே ஒரு சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டன. காமிராக்காரன் தள்ளி நின்றால் போதும். செங்கல்பட்டுச் சீமைக் கிராமம் அப்படியல்ல. வீடு ஊரில், வயல் வேறிடத்தில், மிராசுக்காரர்களுக்குப் பங்கு பங்காக உரிமை, தண்ணீர் மதகு வழியாக முறை வைத்து. உழுகிறவன் சேரியில். இந்த உறவுகளை எல்லிஸ் துரை விளக்க முற்பட்டபோது (1818) கேள்வி பதிலாக ஒரு புத்தகமே தேவைப்பட்டது. இதில் எதை எடுத்து நான்கு மூலைக்குள் வைப்பது? எங்கே வெட்டினாலும் சேரிதான் வெளியே போகும்.

காமிரா தடுமாறிய இடத்தில் ரெவின்யூ இலாகா தடுமாறவில்லை. படமெடுக்கும் கருவியே பிறக்காத காலத்தில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரை ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். நம் நிலக்காட்சி ஓவியம் அதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வங்கியில் என் மேஜைக்கு வரும் அடமானப் பத்திரங்களில் அதன் மிச்சத்தைப் படிக்கிறேன். மூன்றாவது மாடி பிளாட்டுக்கு உரிய தாய்ப்பத்திரத்தில் ‘நஞ்சை’ என்றிருக்கும். எல்லை சொல்லும்போது ஒரு வாய்க்கால் வரும். எந்தக் கவிஞனும் அவ்வளவு சிக்கனமாக எழுதியதில்லை.

எமர்ஸனையும் கொண்டாடிவிட வேண்டாம். அவர் படமெடுத்த வருஷங்கள் இங்கிலாந்தில் தானிய விலை வீழ்ந்து, ஆட்கள் கிராமத்தை விட்டுப் போன வருஷங்கள். அவருடைய மூட்டம் அதை அழகாகவே மூடுகிறது. ஸர் பெஞ்சமின் ஸ்டோன் 1897-இல் தேசியப் புகைப்படப் பதிவுச் சங்கம் தொடங்கியதும், பழையது போகிறது என்ற உறுத்தலால்தான். ஆனால் அங்கே உறுத்தியவர்களிடம் காமிரா இருந்தது. மாம்பலத்தில் காமிரா வாங்க முடிந்தவர்கள் மனை வாங்கியவர்கள். அவர்களுக்கு ஏரி போனது லாபம். மதகடி நிலத்தில் கூலிக்கு நட்டவர்களுக்கு அது என்னவாக இருந்தது என்று கேட்டுப் பதிவு செய்யும் தேவை அன்றைய நம் வசனத்துக்கும் கவிதைக்கும்கூட ஏற்படவில்லை. புகைப்படக்காரனை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லாதது இதனால்தான்.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் ஏரி நிலம்தான். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் இந்தப் பகுதித் தெருக்களில் தண்ணீர் தேங்கியபோது ஆளாளுக்குச் செல்போனில் படமெடுத்தார்கள். என்னிடமும் சில வந்தன. எல்லாவற்றிலும் முன்னால் ஒரு கார் மூழ்கிக் கிடந்தது.