நிலக்கோட்டையைத் தேடுதல்: யூனிக்ஸ் கட்டளைவரியும் தமிழ்க் கோப்புகளும்

மின்வடிவ ஆவணத் தொகுப்பொன்றில் ‘நிலக்கோட்டை’ என்று தேடி விடை கிடைக்காதபோது, அவ்வூர் பற்றிய சான்று அங்கில்லை என ஆய்வாளர் முடிவு செய்வதுண்டு. அம்முடிவு பிழையாகலாம். அதற்கான காரணத்தைத் தேடற் கருவிகளின் வரலாற்றிலும் தமிழ்க் குறியேற்றங்களின் வரலாற்றிலும் காணவேண்டும்.

கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளை 1971ஆம் ஆண்டின் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே உள்ளது. கோப்புக்குள் சொல்லைத் தேடும் ‘கிரெப்’பைக் கென் தாம்சன் 1973 அளவில் உருவாக்கினார். உள்ளடைவுகளிலும் இறங்கிக் கோப்புப் பெயரைத் தேடுவது ‘ஃபைண்ட்’. ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பதே இவை பிறந்த காலத்தின் கணக்கு. அக்கணக்கை மாற்றிய யூடிஎஃப்-8 குறியேற்றத்தை 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்தவரும் அதே தாம்சன்தான்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்னூல்கள் பல ‘டிஸ்கி’ குறியேற்றத்தில் அமைந்தவை. அதில் கொம்பு மெய்க்கு முன்னே பதிவாகும். ஒருங்குறியில் பின்னே பதிவாகும். ஆகவே ஒருங்குறியில் தட்டிய சொல்லை டிஸ்கிக் கோப்பில் கிரெப் காணாது. ‘ஐகான்வ்’ கட்டளையால் கோப்பை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஒருங்குறிக்குள்ளும் சிக்கல் உண்டு. ‘கோ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்தெண்ணிக்கையில் ஆறான ‘நிலக்கோட்டை’ முதல் முறையில் 33 பைட்டு, இரண்டாவதில் 36 பைட்டு. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து அவ்வாறே படியெடுத்த கோப்பை லினக்ஸில் ஃபைண்ட் தவறவிடும். கோப்புப் பெயர்களையும் பாடத்தையும் ‘என்எஃப்சி’ வடிவத்துக்கு இயல்பாக்கிய பின்னரே தேடலின் விடை நம்பத்தக்கது.

பட்டியலின் வரிசையும் தொல்காப்பிய நெடுங்கணக்கன்று. பைட்டு வரிசையில் ‘அறம்’ ‘அலை’க்கு முந்தும். தமிழுக்குரிய மொழியமைப்பைத் தேர்ந்தால் இது சீராகும்.

இனி அடைவுகளின் பெயர். திண்டுக்கல் மாவட்டம் 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. ‘திண்டுக்கல்’ அடைவில் மட்டும் ஃபைண்டை இயக்குபவருக்கு நிலக்கோட்டை வட்டத்தின் முந்தைய ஆவணங்கள் அகப்படாமற் போகலாம். அவை ‘மதுரை’யின் கீழ் இருக்கக்கூடும்.