மூன்று விரல் அழுத்தம்

1961 ஆகஸ்டில் நெய்வேலி முதல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி முதன்முதலாகக் கண்ணில் பட்டது. அதே மாதம் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் மயக்க மருத்துவர் பிரையன் செல்லிக் 'லான்செட்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஊர் நிலக்கரியால் பிழைத்தது. இங்கே தியேட்டர் நர்ஸாக இருந்த காலமெல்லாம் நான் செய்தது அந்தக் கட்டுரை சொன்ன வேலையை.

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் துருத்தி நிற்பது தைராய்டு குருத்தெலும்பு. அதன்கீழ் மெத்தென்று ஒரு பள்ளம். அதையும் தாண்டினால் கெட்டியாக ஒரு மேடு தட்டுப்படும், அதுதான் கிரிகாய்டு. முத்திரை மோதிரம் போல முன்னால் ஒடுங்கி, பின்னால் அகன்றிருக்கும். மூச்சுக்குழாய் வளையங்களெல்லாம் பின்பக்கம் திறந்தவை; இது மட்டும் முழு வட்டம். ஆகவே அழுத்தினால் மூச்சுவழி நசுங்காது, பின்னாலுள்ள உணவுவழி கழுத்தெலும்போடு ஒட்டி மூடிக்கொள்ளும் என்பது செல்லிக்கின் கணக்கு.

மயக்கம் கொடுத்ததும் இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். 1946இல் நியூயார்க்கில் மெண்டல்சன் 44,016 பிரசவங்களை ஆராய்ந்து, 66 தாய்மாருக்கு இப்படி நேர்ந்ததை எழுதினார். நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால் பட்டினி போடலாம். நெய்வேலியில் மூன்று ஷிப்ட். கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்கியவர் கன்வேயரில் அடிபட்டு வருவார். வடலூர்ப் பக்கமிருந்து வலியோடு வருகிற பெண் அப்போதுதான் இட்லி சாப்பிட்டிருப்பாள்.

"சிஸ்டர், கிரிகாய்டு" என்பார் டாக்டர். கட்டைவிரலும் நடுவிரலும் இரு பக்கம், ஆள்காட்டி விரல் நடுவில். நினைவிருக்கும்போது 1 கிலோ அளவு அழுத்தம், நினைவு தப்பியதும் 3 கிலோ. பிரசவ வார்டில் குழந்தைக்கு எடை பார்க்கும் தராசை அழுத்தி அழுத்தித்தான் அந்தக் கனம் என் கைக்குப் பிடிபட்டது. முதலிலேயே பலமாக அழுத்தினால் நோயாளிக்குக் குமட்டும், பயந்து விடுவார். மூச்சுவழிக்குள் குழாய் போய், அதன் பலூன் ஊதி, டாக்டர் மார்பின் இரு பக்கமும் ஸ்டெத் வைத்துக் கேட்டு "விடுங்க" என்கிறவரை கையை எடுக்கக் கூடாது.

செல்லிக் காட்டியது 26 பேரை மட்டும். அதில் 3 பேருக்குக் கையை எடுத்ததும் இரைப்பை நீர் தொண்டைக்கு வந்தது; அதுவரை அழுத்தமே தடுத்தது என்றார். அவ்வளவு சிறிய ஆதாரத்தின்மேல் உலகமெங்கும் ஒரு வழக்கம் நின்றது. 2018இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் 3,472 பேரை வைத்து, பாதிப் பேருக்கு உண்மையாகவும் மீதிப் பேருக்குப் பாவனையாகவும் அழுத்திப் பார்த்தார்கள். நுரையீரலுக்குள் போனது இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. உண்மையாக அழுத்தப்பட்டவர்களிடம் குரல்வளையைப் பார்ப்பதுதான் சிரமமாயிற்று. அந்த முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை. நிறைமாதத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்தவளுக்கு இன்றும் நான் அழுத்தத்தான் செய்வேன். குழாய் போகத் தடையானால் உடனே விடுவேன்.

அழுத்தும் வழக்கம் போனாலும் அந்த மேட்டை விரலால் கண்டுபிடிக்கிற பழக்கம் போகக் கூடாது. குழாயும் போகாமல், முகமூடியாலும் காற்று ஏறாமல் நோயாளி நீலம் பாரிக்கும்போது, கத்தி வைக்க வேண்டிய இடம் கிரிகாய்டுக்குச் சற்று மேலே உள்ள அந்தப் பள்ளம். கழுத்து தடித்த பெண்களுக்கு அது எளிதில் அகப்படாது. ஆகவே மயக்கம் கொடுக்கும் முன்பே தடவிப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு போட்டுவைக்கச் சொல்லுவேன், புதிதாக வரும் பிள்ளைகளிடம்.