மலைநாட்டு மூலதனமும் புகையிரதப் பாதையும்

அந்நிய மூலதனம் வந்தால் ஒரு பிரதேசம் வளம்பெறும் என்பர் சிலர். அரசாங்கம் பணஞ் செலவிட்டாலன்றி எப்பிரதேசமும் முன்னேறாது என்பர் வேறு சிலர். இவ்விரு முதலீடுகளும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றி நிற்கின்றன என்பதற்கு இலங்கை மலைநாட்டின் வரலாறு தக்க சான்றாகும்.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன்பின் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு ஒன்று வெட்டப்பட்டது. படைகளை நடத்துவதற்கென அரசாங்கம் அமைத்த அத்தெருவே, பின்னர் பிரித்தானிய முதலாளிமாருக்கு மலைக் காடுகளைத் திறந்துவிட்டது. காடுகள் அழிந்தன, கோப்பி தழைத்தது. ஆயினும் விளைந்த கோப்பியைத் துறைமுகத்திற் சேர்ப்பதற்கு மாட்டுவண்டிகளையே நம்பவேண்டியிருந்தது. செலவும் தாமதமும் மிகுந்தன.

ஆகவே தோட்டத் துரைமார் புகையிரதம் வேண்டினர். 1845 இல் இதற்கென இலண்டனில் ஒரு கம்பனி தோன்றியது. 1858 இல் தேசாதிபதி சர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். ஆனால், செலவு மதிப்பீட்டை விஞ்சி ஏறவே, கம்பனியுடனான ஒப்பந்தம் முடிவுற்றது. வேலையை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. 1864 இல் அம்பேபுஸ்ஸை வரையும், 1867 இல் கண்டி வரையும் வண்டி ஓடிற்று. தனியார் இலாபத்துக்கு வேண்டிய பாதையின் சுமை இவ்வாறு பொதுப்பணத்தின்மேல் வந்தது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1869 இல் கோப்பி இலைகளிற் செந்நிறத் துருநோய் காணப்பட்டது. அது தோட்டந் தோட்டமாகப் பரவியது. தோட்டங்களுக்குக் கடனளித்த ஒரியன்டல் வங்கியும் 1884 இல் வீழ்ந்தது. எனினும் மலைநாடு மீண்டும் காடாகவில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்கென இட்ட பாதை தேயிலையைச் சுமந்தது. 1875 இல் தொடங்கிய கொழும்புத் துறைமுக அலைதடுப்பு வேலையும் 1885 இல் நிறைவேறியது. அதே ஆண்டிற் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. பயிர் மாண்டது, பாதை மாளவில்லை. பொது முதலீட்டின் பெருமை இதுவே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோப்பியைப் போன்றதொரு பெரும் ஏற்றுமதிப் பயிர் இல்லாத வட மாகாணம், கொழும்புடன் புகையிரதத்தால் இணைவதற்கு 1905 வரை, அதாவது கண்டிக்குப் பின் 38 ஆண்டுகள், காத்திருந்தது. அந்நிய மூலதனம் சென்ற திசையிலேயே அரசாங்கப் பணமும் முதலிற் சென்றது.

தோட்டங்களுக்குத் தம் உழைப்பை ஈந்த தென்னிந்தியத் தொழிலாளரோ, மன்னார்க் கரையிலிறங்கி, வன்னிக் காட்டினூடாக மாத்தளைக்குக் கால்நடையாகவே சென்றனர். காய்ச்சலாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது 1914 இலேயே. கோப்பிக்குக் கிடைத்த பாதை, கோப்பி பறித்த கைகளுக்குக் கிடைக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது. அவர்தம் வழித்தோன்றல்களுள் மிகப் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர்.

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடஞ் சென்றது. கைகள் மாறியபோதும் லயன் அறைகள் மறைந்தொழியவில்லை. ஒரு பிரதேசத்தின் வளர்ச்சியை அளப்போர், மூலதனம் எவ்வழி வந்தது என்பதோடு, விளைந்த செல்வம் எவ்வழி சென்றது என்பதையும் கணக்கிடல் வேண்டும்.