பரமபதம் முதல் கணினிப் பாதாளம் வரை



பரிசளிப்பு விழா மலரில் கணினி விளையாட்டைப் பற்றி ஓர் ஆசிரியர் எழுதலாமா என்று நீங்கள் கேட்கலாம். "ஏற்கெனவே கைத்தொலைபேசியைக் கீழ வைக்க மாட்டேங்கிறான், இதுல வாத்தியாரு வேற எடுத்துக் கொடுக்கிறாரா?" என்று தாய்மார்கள் முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. சற்றுப் பொறுங்கள். ஆடுபவனைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்து, அப்படியும் அவனை மறுபடி மறுபடி வரவழைத்த பழைய விளையாட்டுகளின் வரலாறு இது. தோற்கிற ஆட்டத்தை மனிதன் ஏன் விரும்புகிறான்? இதைத் தெரிந்துகொண்டால் நம் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒரு வழி தெரியும்.

முதலில் நம் வீட்டுத் திண்ணைக்கு வருவோம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக நம் பாட்டிமார் ஆடிய பரமபதத்தை நினைத்துப் பாருங்கள். தாயம் விழுந்தால்தான் காயை இறக்கவே முடியும். ஏணி ஏணியாக ஏறிப் போனால், பரமபத வாசலுக்குப் பக்கத்திலேயே பெரிய பாம்பு வாயைத் திறந்து காத்திருக்கும். கடிபட்டால் அடிமட்டத்துக்குத்தான் வரவேண்டும். அப்படியும் யாராவது எழுந்து போனார்களா? இல்லை. "இன்னொரு ஆட்டம் போடுவோம்" என்றுதான் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒன்று. கட்டை எப்படி விழும் என்பது ஆடுபவர் கையில் இல்லை. ஆகவே பரமபதம் கற்றுக் கொடுத்தது பொறுமையை.

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டார்கள். நம் ஊர்க் கூத்தில் வேடம் கட்டுவதைப் போல, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆட வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். சண்டையில் யார் வெல்வது என்பதைப் பகடை சொல்லும். இதில் மனம் பறிகொடுத்த கல்லூரி மாணவர்கள் அதைக் கணினிக்குள் கொண்டு போனார்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரும் 1981ஆம் ஆண்டில் 'விசார்ட்ரி' என்ற விளையாட்டை ஆப்பிள் கணினிக்கு வெளியிட்டார்கள்.

அதன் கடுமையைக் கேளுங்கள். பூமிக்கு அடியில் பத்து அடுக்குப் பாதாளம். ஒவ்வோர் அடுக்கிலும் 20க்கு 20 கட்டங்கள், அதாவது 400 கட்டங்கள். ஆறு பேரை அனுப்பலாம். வரைபடம் எதுவும் தரமாட்டார்கள். கட்டம் போட்ட தாளில் நாமே வரைந்துகொள்ள வேண்டும். சில இடங்களில் விளக்கு எரியாது. சில இடங்களில் நமக்குத் தெரியாமலேயே நம்மைத் திருப்பி வேறு திசை பார்க்க வைத்துவிடும்! ஆறு பேரும் மாண்டால் உடல்கள் அங்கேயே கிடக்கும். புதிதாக வேறு ஆட்களைப் பழக்கி அனுப்பித்தான் அவர்களைத் தூக்கி வரவேண்டும். கோவிலில் பணம் கட்டி உயிர்ப்பிக்கலாம். அதுவும் தவறினால் உடல் சாம்பலாகும். மறுபடி தவறினால் அந்த ஆள் போனவன் போனவன்தான்.

ஏன் இத்தனை கொடுமை? அக்காலக் கணினியின் நினைவகம் மிகச் சிறியது. 1986ஆம் ஆண்டில் ஜப்பானில் யூஜி ஹோரீ உருவாக்கிய 'டிராகன் குவெஸ்ட்' முழுவதும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதைவிடப் பெரிது. சின்னப் பாத்திரத்துச் சோறு பல நாளைக்கு வர வேண்டுமென்றால், ஒவ்வொரு பிடியையும் அளந்துதானே போட வேண்டும்?

இதே காலத்தில் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிகளும் இருந்தன. அவையும் கடினமானவைதான், ஆனால் அந்தக் கடினம் வேறு சாதி. ஆடுபவன் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். பாதாள விளையாட்டிலோ தோற்றால் காசு கேட்பதில்லை, கவனத்தைக் கேட்கிறது. முதல் நாள் எந்தக் குழியில் விழுந்தான் என்பதை அவன் தாளில் குறித்து வைக்கிறான். மறுநாள் அந்தக் குழியில் விழுவதில்லை. ஆள் செத்தாலும் வரைபடம் சாவதில்லை. டிராகன் குவெஸ்டில் இன்னும் தெளிவு: தோற்றால் கையிலுள்ள தங்கத்தில் பாதி போய்விடும், பெற்ற அனுபவம் மட்டும் ஒரு புள்ளிகூடக் குறையாது.

பால்மரக் காட்டில் உழைத்தவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். உளி ஆழமாகப் போனால் மரத்தில் காயம். மேலோட்டமாகப் போனால் மங்கில் பால் விழாது. சரியான ஆழம் எதுவென்று எந்தப் புத்தகமும் உங்கள் கைக்குச் சொல்லவில்லை. வெட்டி வெட்டித்தான் கை படித்தது. ஆனால் அங்கே தவறினால் மரமும் கெட்டது, மண்டோரின் ஏச்சும் விழுந்தது. விளையாட்டில் தவறினால் எவருக்கும் நட்டமில்லை. பயமில்லாமல் தவறு செய்து பழக ஓர் இடம்! அந்தக் கடின விளையாட்டின் கவர்ச்சி அதுதான்.

பிற்காலத்தில் விளையாட்டுகள் எளிதாகிக்கொண்டே வந்தன. ஆனால் ஜப்பானியர் ஹிடெடாக்கா மியாசாக்கி, 2009இல் 'டெமன்ஸ் சோல்ஸ்', 2011இல் 'டார்க் சோல்ஸ்' என்று பழைய கடுமையையே திரும்பக் கொண்டு வந்தார். 2022இல் வந்த அவருடைய 'எல்டன் ரிங்' மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. விசார்ட்ரியும் 2024இல் புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. இந்தப் புதுப்பிக்கும் தொழில் நமக்குத் தூரமானதன்று. 2017இல் 'ஸ்டார்கிராஃப்ட்', 2020இல் 'கமாண்ட் அண்டு காங்கர்' ஆகிய பழைய போர் விளையாட்டுகளைப் புதுப்பித்த வேலையில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சேர்ந்த 'லெமன் ஸ்கை' நிறுவனமும் பங்கு கொண்டது. படம் வரையத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு உண்டு என்பதைப் பெற்றோர் மனத்தில் வையுங்கள்.

அதற்காகக் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. பிள்ளை எதை ஆடுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தோற்ற உடனே "பத்து வெள்ளி கட்டு, ஜெயிக்க வைக்கிறேன்" என்று சொல்கிற விளையாட்டு, பழைய காசுப் பெட்டியின் பேரப்பிள்ளை. அதை விரட்டுங்கள். எதுவானாலும் நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். வீட்டில் தாயக்கட்டையும் பரமபதப் பலகையும் இருந்தால் இன்னும் நல்லது.

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் மாணவர்களுக்கு என் வாழ்த்து. கீழே உட்கார்ந்து கைதட்டும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டி வந்தபோது, "நமக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்று ஒதுங்கிக்கொண்ட தோட்டத்துப் பிள்ளைகள் முன்பு பலர். அவர்களுக்கு மூளை குறைவில்லை. விழுந்த இடத்தைக் காட்டிக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். திருத்திய தாள் கைக்கு வந்ததும் மடித்துப் பைக்குள் திணிக்காதீர்கள். அதுதான் உங்கள் வரைபடம். எந்தக் கணக்கில் விழுந்தோம், எந்த அடியில் வழி தவறியது என்று சிவப்பு மையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களே, மதிப்பெண் குறைந்த தாளோடு பிள்ளை வாசலில் நின்றால், "ஏன்டா விழுந்த?" என்று கையை ஓங்காதீர்கள். "எந்த இடத்துல விழுந்த, காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் வாக்கு. வைக்கிற அடி போன தடவை விழுந்த குழியில் விழாமல் இருந்தால், இன்னும் சீக்கிரம் நகரும்.