மீண்டும் மாணவரான குருவானவர்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்களுக்குத் தலைமைத்துவ வகுப்புகள் நடப்பதுண்டு. தன்னை வளர்த்துக்கொண்டவனே பிறரை வழிநடத்த வல்லவன் என்பது அங்கே முதற்பாடம். மறுப்பதற்கில்லை. ஆனால் எடுத்துக்காட்டுக்கு அமெரிக்கப் போதகர்களைத் தேடிப்போவதுதான் எனக்கு விளங்குவதில்லை. இதே கொழும்பில் குருத்துவக் கல்வி பெற்ற நம்மவர் ஒருவர் இருக்கிறார்.

சேவியர் தனிநாயகம் அடிகள் 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் பிறந்தவர். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்றபின் கொழும்பு புனித பெர்னார்ட் குருமடத்தில் சேர்ந்தார். அங்கிருந்து ரோமாபுரி சென்று 1938இல் குருவானார். இலத்தீனும் இத்தாலியமும் பிறவும் கற்றுத் தேர்ந்தார். அவருடைய ரோமாபுரி ஆய்வு, மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த புனித சிப்ரியானின் காலத்துக் குருக்களைப் பற்றியது. குருக்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றித் தன் எண்ணப்படி எதையும் செய்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தவர் அந்த ஆயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய கல்வியோடு அடிகள் வந்து சேர்ந்த இடம் தூத்துக்குடி மறைமாவட்டம். 1940இல் வடக்கன்குளம் புனித தெரேசாள் உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியரானார். (1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊர் இது.) ஐரோப்பிய மொழிகளை அறிந்த அந்த இளங்குருவுக்குத் தம் தாய்மொழியின் இலக்கியம் அங்கேதான் அந்நியமாகப் பட்டது. வேறொருவராயின் மேடைக்கு வேண்டிய அளவு தமிழைச் சேர்த்துக்கொண்டு நின்றிருப்பார். அவரோ பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் பாடம் கேட்டார். ரோமாபுரியின் முனைவர் பட்டம் பெற்ற கத்தோலிக்கக் குரு, கிராமத்துப் பண்டிதரின் முன் மாணவராக அமர்ந்த காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அங்கி அணிந்தவர் எல்லாம் அறிந்தவர் என்று மக்கள் கருதிய காலம் அது!

அதோடு விடவில்லை. 1945இல், முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலையும் அதன்பின் எம்.லிட். பட்டமும் பெற்றார். பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை என்னும் ஆய்வு அப்போது விளைந்ததே. தனிநாயகம் என்னும் முன்னோர் பெயரையும் தமதாக்கிக்கொண்டார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். அதே ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகக் கல்வித்துறையில் விரிவுரையாளரானார். நாற்பதைக் கடந்த பின்னும் லண்டன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் ஆய்வு மாணவர். இம்முறை பொருள், பண்டைத் தமிழரின் கல்விச் சிந்தனை.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது தமிழின் உரிமைக்காக அவரால் வாதாட முடிந்தது. கற்றதை நம்பிப் பேசினார், முழக்கத்தை நம்பியல்ல. 1961இல் மலாயாப் பல்கலைக்கழகம் சென்றார்.

1964 ஜனவரியில் டில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாட்டுக்கு வந்திருந்த அறிஞர்களைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார்கள். முன்னின்று முயன்றவர் அடிகள். ஆனால் தலைவராக அமர்ந்தவர் பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ழான் ஃபிலியோசா. செக் நாட்டுக் கமில் சுவலபிலோடு செயலாளர் பொறுப்பையே அடிகள் ஏற்றார். சிப்ரியானை ஆராய்ந்தவர் அல்லவா? இயக்கங்கள் தோறும் தலைவர் நாற்காலிக்கு நடந்த சண்டைகளைப் பத்திரிகையில் எழுதி எழுதிச் சலித்த எனக்கு, இச்செய்தி இன்றும் வியப்பே. முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்து, இறுதி நாளில் உயிரிழப்போடு முடிந்த துயரம் தனியே எழுத வேண்டியது. அடிகள் 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி காலமானார்.

கோலாலம்பூர் மாநாடு நடந்த அதே 1966இல் அடிகள் ஒரு பழைய நூலையும் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அந்தாம் தெ புரோயென்சா என்னும் போர்த்துக்கேயக் குரு தொகுத்து, அவர் 1666இல் இறந்தபின், 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதி அது. வேற்று நாட்டிலிருந்து வந்த அந்தக் குருவும் தமிழைச் சொல் சொல்லாகக் கேட்டு எழுதி வைத்தவர்.